லினக்ஸில் என் ஃபைல் எங்கே? மலையகத்துப் புதியவர்களுக்கான கேள்வி பதில்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லெப்டொப்கள் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கின்றன. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் வாங்கி அனுப்பியது, டவுனில் செக்கன்ட் ஹேண்டாக எடுத்தது என்று பல வகை. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுக் கொடுத்தால் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் போட்டுக் கொடுத்த சில நாட்களில் போன் வரும்: "ஃபைலைக் காணோம்."

பெரும்பாலும் ஃபைல் தொலைந்திருக்காது. எந்த இடத்தில், எந்தப் பெயரில் விழுந்தது என்று தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். மெனுப் பெயர்களையும் ஃபோல்டர் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் எங்கே போயின?

லினக்ஸில் டிரைவுக்கு எழுத்து கிடையாது. எல்லாமே ஒரே ஒரு சாய்கோட்டில் தொடங்கும்: / என்ற அடையாளம். அதை ரூட் என்பார்கள். ஹார்ட் டிஸ்க், பென் ட்ரைவ், பழைய விண்டோஸ் பகுதி எல்லாமே அந்த ஒன்றுக்குள்ளேயே ஃபோல்டர்களாகத் தெரியும்.

உங்களுக்குச் சொந்தமான இடம் /ஹோம்/ என்பதற்குள் உங்கள் யூசர் பெயரில் இருக்கிறது. உதாரணமாக /ஹோம்/மாலா/டொகியுமெண்ட்ஸ்/சிவி என்று ஒரு பாதை இருந்தால், தோட்டத்துக்குக் கடிதம் எழுதும்போது தோட்டம், டிவிசன், லயம், வீட்டு இலக்கம் என்று வரிசையாகப் போடுகிறோமே, அதே வரிசையில்தான் அதையும் வாசிக்க வேண்டும்: பெரியதிலிருந்து சிறியதற்கு. ஃபைல் மேனேஜரை, அதாவது ஃபோல்டர்களைக் காட்டும் ஜன்னலை, திறந்து கன்ட்ரோல் விசையோடு எல் விசையை அழுத்தினால் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தின் முழுப் பாதையும் மேலே எழுத்தில் தெரியும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஹோமுக்குள் டெஸ்க்டொப், டொகியுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று ஃபோல்டர்கள் ஏற்கெனவே இருக்கும். ஹோமுக்கு வெளியே இருக்கும் எட்சி, யுஎஸ்ஆர், வார் போன்றவை கணினி தன் வேலைக்கு வைத்திருப்பவை. உங்கள் கடிதம் அங்கே போய் விழாது. ஆகவே அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பாஸ் பேப்பர் டவுன்லோட் பண்ணினேன். எங்கே இருக்கிறது?

ஃபயர்ஃபொக்ஸில் இறக்கியது, வட்ஸ்அப் வெப்பில் இறக்கியது எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குத்தான் போகும். பிரவுசரின் மேல் மூலையில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி, ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஃபோல்டர் படத்தைத் தொட்டால் அந்த இடமே திறந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஸிப் ஃபைலுக்குள் இருக்கும் டொகியுமெண்டை வெளியே எடுக்காமல் அப்படியே திறந்து திருத்தாதீர்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பையும் சேமிக்காமல் நேரடியாகத் திறந்து திருத்தாதீர்கள். அவை தற்காலிக இடத்தில் திறக்கப்படுகின்றன. நீங்கள் சேமித்த திருத்தமும் அங்கேயே போகும். லெப்டொப்பை மீண்டும் போடும்போது அது இல்லாமல் போகலாம். முதலில் டொகியுமெண்ட்ஸுக்குள் எடுத்து வையுங்கள், அப்புறம் திருத்துங்கள்.

பெயரே ஞாபகம் இல்லை. எப்படித் தேடுவது?

திகதியை வைத்துத் தேடுங்கள். ஒரு மாதத்துக்கு முன் வைத்த பெயர் மறந்துபோகும், ஆனால் "போன கிழமை சம்பள நாளுக்கு அடுத்த நாள்" என்பது ஞாபகம் இருக்கும். ஃபைல் மேனேஜரில் பட்டியல் தோற்றத்துக்கு மாறி, டேட் மொடிஃபைட் என்ற தலைப்பை அழுத்தினால் புதியவை மேலே வந்துவிடும். இடப்பக்கம் ரீசன்ட் என்று இருப்பதையும் பாருங்கள். அண்மையில் திறந்தவை அங்கே வரிசையாக இருக்கும்.

பெயரில் ஒரு துண்டு ஞாபகம் இருந்தால் ஹோமில் நின்றுகொண்டு கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி அந்தத் துண்டை எழுதுங்கள். தேடல் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலும் அதற்கு உள்ளே இருப்பவற்றிலும் மட்டுமே நடக்கும். மியூசிக்குக்குள் நின்று சிவியைத் தேடினால் கிடைக்காது. "தேடினேன், இல்லை" என்று வருபவர்களில் பலரும் வேறு ஃபோல்டரில் நின்று தேடியவர்களே.

லினக்ஸ் மின்ட்டில் உள்ள நெமோ என்ற ஃபைல் மேனேஜர் 2021இல் வந்த 20.2 பதிப்பிலிருந்து ஃபைலுக்குள் இருக்கும் சொற்களையும் தேடுகிறது. கடிதத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதில் எழுதிய ஒரு சொல் தெரிந்தால் போதும். மிகவும் பயனுள்ள வசதி. ஆனால் தமிழில் எழுதியவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

தமிழில் எழுதிய கடிதம். உள்ளே இருக்கும் சொல்லைக் கொடுத்தாலும் தேடலில் வரவில்லையே?

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுமே எங்கள் ஊர்களில் சகஜம்.

முதலாவது பாமினி. பாடசாலைக் கடிதங்கள், கோயில் அழைப்பிதழ்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள் என்று எவ்வளவோ இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினியில் "அம்மா" என்று தெரியும் இடத்தில் ஃபைலுக்குள் உண்மையில் பதிவாகியிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. நீங்கள் யூனிகோடில், அதாவது போனிலும் இணையத்திலும் தமிழ் எழுதும் பொதுக் குறியீட்டு முறையில், "அம்மா" என்று தேடினால் கணினிக்கு அது முற்றிலும் வேறு சொல். எனவே பழைய பாமினி ஃபைல்களைத் தேடும்போது தமிழ் உள்ளீட்டை நிறுத்திவிட்டு, பாமினியில் அடிப்பதுபோலவே விசைகளை அழுத்தித் தேடுங்கள். தேடல் பெட்டியில் புரியாத ஆங்கில எழுத்துகள் விழும். பரவாயில்லை, முடிவு சரியாக வரும். திறந்த பிறகும் ஆங்கிலக் கிறுக்கலாகவே தெரிந்தால் பாமினி எழுத்துரு அந்த லெப்டொப்பில் இல்லை என்று அர்த்தம். எழுத்துரு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து நிறுவிக்கொள்ளலாம்.

இனி எழுதப்போவதை யூனிகோடில் எழுதுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடிக் கேட்கிறேன். இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326இல் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகக் கிடைக்கிறது. தமிழ்99, ஒலியியல் முறைகளும் உண்டு. பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளை அந்தக் கடிதத்தைத் தேடினால் கிடைக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது காரணம் நுட்பமானது. யூனிகோடிலும் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. உங்கள் ஃபைல் பெயரில் "கொட்டகலை" என்று இருந்து, அதை அடித்த விசைப்பலகை வேறாக இருந்தால், சரியான பெயரைக் கொடுத்தும் வராமல் போகலாம். அப்படியானால் அந்த எழுத்தை விட்டுவிட்டு "ட்டகலை" என்று மட்டும் தேடுங்கள். ஓ, ஔ குறிகள் உள்ள சொற்களுக்கும் இதே வழிதான். "பொகவந்தலாவை"யைத் தேடுபவர்கள் "கவந்தலா" என்று அடித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, அது எழுத்தே அல்ல, படம். ஃபோட்டோக்கொப்பிக் கடையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வாங்கிய பிறப்புச் சான்றிதழுக்குள் தேடக்கூடிய எழுத்து எதுவும் இல்லை. அதற்கு நீங்கள் வைக்கும் பெயர்தான் ஒரே அடையாளம். ஸ்கேன் ஃபைல்கள் வெறும் எண்களையே பெயராகக் கொண்டு வரும். வாங்கிய அன்றே "மாலா பிறப்புச் சான்றிதழ்" என்று மாற்றிவிடுங்கள்.

பென் ட்ரைவை டவுனில் உள்ள கடையில் போட்டு எடுத்தேன். எல்லா ஃபைலும் போய் ஷோர்ட்கட் மட்டும் இருக்கிறது!

பயப்படாதீர்கள். இதில் லினக்ஸ் உங்களுக்குப் பெரிய உதவி. அந்த வகை விண்டோஸ் வைரஸ் ஃபைல்களை அழிப்பதில்லை. மறைக்கப்பட்டவை என்று குறியிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கிறது. விண்டோஸின் அந்த மறைப்புக் குறியை லினக்ஸ் ஃபைல் மேனேஜர் பொருட்படுத்துவதில்லை. ஆகவே பென் ட்ரைவை மின்ட்டிலோ உபுண்டுவிலோ போட்டதும் உண்மையான ஃபைல்கள் கண்ணெதிரே தெரியும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாததுபோலத் தோன்றும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அதையும் திறந்து பாருங்கள்.

டொகியுமெண்ட், படம், பிடிஎஃப் ஆகியவற்றை மட்டும் ஹோமுக்குக் கொப்பி செய்யுங்கள். பெயரின் கடைசியில் எல்என்கே, ஈஎக்ஸ்ஈ, விபிஎஸ் என்று முடிபவற்றைத் தொட வேண்டாம். கொப்பி செய்தவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பென் ட்ரைவை ஃபோர்மட் செய்யுங்கள்.

பென் ட்ரைவுக்குக் கொப்பி பண்ணினேன். கடையில் போட்டால் ஃபைல் இல்லை அல்லது பாதிதான் இருக்கிறது.

லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மெதுவாகப் பென் ட்ரைவில் இறக்கும். பட்டை முடிந்துவிட்டதாகக் காட்டினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பிடுங்கினால் ஃபைல் பாதியில் நின்றுவிடும். இடப்பக்கப் பட்டியலில் பென் ட்ரைவ் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எஜெக்ட் அடையாளத்தை அழுத்தி, எடுக்கலாம் என்று அறிவிப்பு வரும்வரை பொறுங்கள்.

இன்னொன்று: பென் ட்ரைவில் இருந்து அழித்தது அந்த பென் ட்ரைவிலேயே மறைவான ஒரு ட்ராஷ் ஃபோல்டரில் இருக்கும். அழித்தும் இடம் கூடவில்லை என்றால் அதுதான் காரணம். பென் ட்ரைவைச் செருகியிருக்கும்போதே ட்ராஷைக் காலி செய்யுங்கள்.

பழைய விண்டோஸில் இருந்த ஃபோட்டோக்கள் கிடைக்குமா?

லினக்ஸைப் போடும்போது முழு டிஸ்க்கையும் அழித்துப் போட்டிருந்தால், வேறெங்காவது பிரதி எடுத்து வைத்திருந்தால் மட்டுமே கிடைக்கும். விண்டோஸுக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் டிவைசஸ் என்பதன் கீழ் அந்தப் பகுதி, அளவோடு தெரியும். அதற்குள் யூசர்ஸ், அப்புறம் உங்கள் பழைய பெயர், பிறகு பிக்சர்ஸ்.

திறக்க மறுத்தாலோ, பார்க்க மட்டும் விட்டு எழுத விடாவிட்டாலோ, விண்டோஸ் முழுமையாக அணையவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி அதைப் பாதித் தூக்கத்தில் விட்டுவைக்கிறது. மறுபடி விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சில லெப்டொப்களில் பிட்லொக்கர் பூட்டும் இருக்கும். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும்.

பென் ட்ரைவில் இருந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். எழுதியதை டொகியுமெண்ட்ஸில் சேமித்தேன். மறுநாள் இல்லை.

நிறுவாமல் ஓட்டிப் பார்க்கும்போது ஹோம் முழுவதும் நினைவகத்தில்தான் இருக்கும். அணைத்தால் போய்விடும். இதை மீட்க வழி இல்லை. சோதித்துப் பார்க்கும் காலத்தில் எதை எழுதினாலும் வேறொரு பென் ட்ரைவிலோ மின்னஞ்சலிலோ போட்டுவையுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கிறதே?

ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. ஒன்று பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும், மற்றது சிறிய எழுத்தில். திகதியைப் பார்த்து எது புதியது என்று முடிவெடுங்கள்.

கரண்ட் போய்விட்டது, எழுதிக்கொண்டிருந்த கடிதம்?

பற்றரி போன பழைய லெப்டொப்பை மின்சாரத்தில் நேரடியாக ஓட்டுபவர்களுக்கு மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. கடிதம் எழுதும் மென்பொருளான லிப்ரே ஒஃபிஸை மறுபடி திறந்தால் மீட்கலாமா என்று கேட்கும். ஆம் என்று கொடுங்கள். அவசரத்தில் டிஸ்கார்டை அழுத்திவிடாதீர்கள், அழுத்தினால் அது போய்விடும். மீட்டதும் உடனே பெயர் கொடுத்துச் சேமியுங்கள்.

மீட்புப் பிரதி வழமையாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கப்படும். டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல் என்று போய் அதை 2 அல்லது 3 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் அடிக்கும் ஊரில் 10 நிமிடம் மிக அதிகம்.

போனில் வட்ஸ்அப்பில் வந்த ஃபைலை லெப்டொப்பில் எடுக்க வேண்டும்.

கேபிளைச் செருகி, போனின் பூட்டைத் திறந்து, அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்யாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். இப்போதைய ஆண்ட்ராய்ட் போன்களில் வட்ஸ்அப் ஃபைல்கள் இருக்கும் இடம்: ஆண்ட்ராய்ட், அதற்குள் மீடியா, அதற்குள் வட்ஸ்அப் பெயருள்ள ஃபோல்டர், மறுபடி வட்ஸ்அப், மீடியா, வட்ஸ்அப் டொகியுமெண்ட்ஸ். ஆழமான இடம்தான், ஆனால் போனில் இறக்கிய டொகியுமெண்ட்கள் அங்கே இருக்கும்.

டெர்மினல் கட்டாயம் தெரிய வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் பயப்பட வேண்டியதும் இல்லை. தேடும் கட்டளை எதையும் அழிக்காது, மாற்றாது. டெர்மினல் என்பது கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் ஜன்னல். கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். அங்கே இப்படி எழுதலாம்:

ஃபைண்ட் ~ -ஐநேம் "*சம்பளம்*"

ஃபைண்ட், ஐநேம் இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். ~ என்பது உங்கள் ஹோம். உடுக்குறிகள் "முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தாலும் சரி" என்று சொல்கின்றன. ஐநேமில் உள்ள ஐ, ஆங்கிலப் பெரிய சிறிய எழுத்து வேறுபாட்டை மறக்கச் சொல்கிறது. பெயரே தெரியாமல், நேற்றிலிருந்து மாறியவற்றை மட்டும் பார்க்க வேண்டுமானால் ஐநேம் பகுதிக்குப் பதிலாக -எம்டைம் -1 என்று கொடுங்கள். மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள், விட்டால் சில நேரம் தவறான முடிவு வரும்.

லோகேட் என்றொரு கட்டளையும் இருக்கிறது. மின்னல் வேகம். ஆனால் அது முன்கூட்டியே தயாரித்த பட்டியலைப் பார்த்தே பதில் சொல்கிறது. அந்தப் பட்டியல் வழமையாக நாளுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் சேமித்த ஃபைலை மாலையில் அது "இல்லை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். பென் ட்ரைவுகளையும் அது வழமையாகப் பட்டியலில் சேர்ப்பதில்லை. புதியவர்களுக்கு ஃபைண்ட் போதும்.

டிலீட் பண்ணிவிட்டேன். திரும்ப எடுக்கலாமா?

சாதாரணமாக அழித்திருந்தால் ட்ராஷில் இருக்கும். வலக் கிளிக் செய்து ரிஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடும். ஷிஃப்ட் பிடித்து அழித்தவையும் டெர்மினலில் ஆர்எம் கட்டளையால் அழித்தவையும் ட்ராஷுக்குப் போகாது. அப்போது உடனே லெப்டொப்பை அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஃபோட்டோரெக் போன்ற கருவியால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியாக இருந்தால் வாய்ப்பு குறைவு. உபுண்டு வாரம் ஒரு முறை காலியான இடத்தைத் துப்புரவாக்கும், அதன் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். ஃபோல்டர்கள் இரண்டு தொகுதியாகிவிட்டன.

மொழி மாற்றிய பின் முதல் தடவை உள்ளே வரும்போது ஃபோல்டர் பெயர்களையும் மாற்றவா என்று ஒரு கேள்வி வரும். மாற்றச் சொன்னால் புதிய தமிழ்ப் பெயர்களில் ஃபோல்டர்கள் உருவாகும், உள்ளே ஏதாவது இருந்த பழையவையும் அப்படியே இருக்கும். எதுவும் அழியவில்லை. பழையவற்றில் இருப்பதைப் புதியவற்றுக்கு நகர்த்திவிடுங்கள். கேள்வி இன்னும் வரவில்லை என்றால் பழைய பெயர்களையே வைத்துக்கொள்ளுமாறு சொல்லுங்கள். மெனு தமிழில் இருந்தாலே போதும்.

எல்லாம் செய்து பார்த்தேன். யாரிடமாவது கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"லெட்டரைக் காணோம்" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. இவற்றைச் சொல்லுங்கள்: மின்ட்டா உபுண்டுவா, எந்தப் பதிப்பு, ஃபைலைக் கடைசியாக எப்போது, எந்த மென்பொருளில் திறந்தீர்கள், லெப்டொப்பிலா பென் ட்ரைவிலா, யூனிகோடா பாமினியா, அதன் பிறகு எதையாவது அழித்தீர்களா, புதிதாக நிறுவினீர்களா. திரையில் பிழைச் செய்தி வந்திருந்தால் அதைப் போனில் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்த லெப்டொப்பில் படம் இறக்குவது, புதிதாக மென்பொருள் நிறுவுவது எதுவும் வேண்டாம்.